ஒரு கோலி சோடா... ‘சுர்’ருக்குப் பின்னால் 250 வருடக் கதை!

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால், ‘தணிகை’ என்று பெயர் வந்ததாக ஐதிகம். அவருக்குச் சினம் தணிந்தது சரி... சித்திரை வெயிலில் படியேறி இறங்கும் நமக்கு முதலில் தணிய வேண்டியது தாகம்!

ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருபவர்கள், டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுபவர்கள், சென்னையிலிருந்தும் ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கமிருந்தும் குடும்பத்தோடு வந்து போகிறவர்கள் என்று இந்த ஊரில் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். ஆனால், தாகத்துக்குக் கேட்கும்போது மட்டும் மொழிப் பிரச்னையே இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அது ‘கோலி சோடா’தான்; அந்தப் பக்கமும் ‘கோலி சோடா’தான்.

கட்டை விரலால் ஓர் அழுத்து. ‘டுஸ்ஸ்ஸ்’ என்ற சத்தம். கோலி உள்ளே விழுந்து உருளும். எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் நுரை பொங்கி டம்ளரின் விளிம்புவரை வரும். முதல் மடக்கில் மூக்குவரை ‘சுர்’ரென்று ஏறும். அந்த ‘சுர்’ எங்கிருந்து வருகிறது? அதை பாட்டிலுக்குள் பிடித்து அடைத்தது யார்? சோடா குடித்தால் ஏன் ஏப்பம் வருகிறது? அந்த ஏப்பத்தை நம்பி நாம் செய்யும் ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறதே, அது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கள்ளில் பொங்கியதும் இதுதான்!

சோடாவில் இருப்பது இரண்டே பொருள்கள்: தண்ணீர், கார்பன் டை ஆக்ஸைடு வாயு. நாம் மூச்சு விடும்போது வெளியேற்றும் அதே வாயு. இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்கி, பாத்திரத்தின் மூடியைத் தள்ளுகிறதே... அதைத் தள்ளுவதும் இதே வாயு. பனைமரத்துப் பானையில் கள் நுரைத்துக்கொண்டு நிற்பதும் இதனால்தான். சாற்றில் இருக்கும் சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு ஆல்கஹாலையும் இந்த வாயுவையும் வெளியே விடுகின்றன. அதே சாறு புளிக்காமல் பதநீராக இருக்க வேண்டுமென்றால் பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்பது பனையேறிகளுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வித்தை. சுண்ணாம்பு இருந்தால் நுண்ணுயிர் வளராது. நுண்ணுயிர் வளராவிட்டால் நுரை இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வாயுவை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவருக்கும் சுண்ணாம்புதான் உதவியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜோசப் பிளாக், 1750-களில் சுண்ணாம்புக்கல் போன்ற பொருள்களைச் சூடாக்கியபோதும், அவற்றின்மேல் அமிலம் ஊற்றியபோதும் சாதாரணக் காற்றிலிருந்து வேறுபட்ட ஒரு வாயு வெளியேறுவதைக் கண்டார். கல்லுக்குள் கட்டுண்டு கிடந்ததால் அதற்கு ‘நிலைப்பட்ட காற்று’ என்ற பொருளில் பெயர் வைத்தார். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் அதைச் செலுத்தினால் தண்ணீர் பால்போல வெளுத்தது. நம் மூச்சுக் காற்றும் அதேபோல வெளுக்கச் செய்தது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்திருக்கும் நீரை மட்டும் வேறு டம்ளரில் இறுத்து, அதில் ஸ்டிராவால் மெதுவாக ஊதினால் சிறிது நேரத்தில் தண்ணீர் கலங்கும். பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊத மட்டும்தான், உறிஞ்சக் கூடாது. கண்ணிலும் படக் கூடாது.

மதுக்கூடத்துப் பக்கத்து வீட்டுக்காரர்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1767-ல் ஒரு பாதிரியார் குடியேறினார். பெயர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் வீட்டுக்கு அருகிலேயே பீர் தயாரிக்கும் கூடம் ஒன்று இருந்தது. வேறு யாராவது என்றால் வாடையைப் பொறுக்காமல் வீடு மாற்றியிருப்பார்கள். இவரோ தினமும் அங்கே போய் நிற்க ஆரம்பித்துவிட்டார். புளிக்கும் தொட்டிகளுக்குமேல் எப்போதும் ஒரு படலமாக பிளாக் சொன்ன அதே வாயு தேங்கிக் கிடந்தது. எரியும் குச்சியை அதற்குள் நீட்டினால் அணைந்தது. அந்தப் படலத்துக்குள் ஒரு பாத்திரத்தில் தண்ணீரை வைத்து, இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினார். நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீருக்கு லேசான புளிப்பும், நாக்கைச் சீண்டும் ஒரு சுறுசுறுப்பும் வந்திருந்தது.

அப்போது ஐரோப்பியப் பணக்காரர்கள், இயற்கையாகவே வாயு கலந்து ஊறும் ஊற்றுநீரை மருந்தாக நினைத்து அதிக விலை கொடுத்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சாதாரணத் தண்ணீரிலிருந்தே செய்துவிட முடியும் என்று காட்டிவிட்டார் பிரீஸ்ட்லி. சுண்ணாம்புக்கட்டித் தூளின்மேல் கந்தக அமிலம் ஊற்றி வாயுவை உண்டாக்கும் முறையை 1772-ல் சிறு நூலாகவே வெளியிட்டார். கடற்பயணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஸ்கர்வி நோய்க்கு இந்தத் தண்ணீர் மருந்தாகும் என்று அவர் நம்பியதால், கேப்டன் குக்கின் இரண்டாவது கடற்பயணத்துக்கு இந்த முறை பரிந்துரைக்கப்பட்டது. பலன் பூஜ்யம். ஸ்கர்வி என்பது வைட்டமின் சி குறைபாடு. வாயுவில் ஏது வைட்டமின்? பேசாமல் நம் எலுமிச்சை சோடாவைக் கொடுத்திருந்தால் மாலுமிகள் பிழைத்திருப்பார்கள். வேலை செய்திருக்கப்போவது சோடா அல்ல, எலுமிச்சை!

1773-ல் பிரீஸ்ட்லிக்கு லண்டன் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் கிடைத்தது. ஆனால், சோடாவைத் தொழிலாக்கியது ஜெனிவாவில் நகை, கடிகார வேலை பார்த்துவந்த யோஹான் ஜேக்கப் ஷ்வெப். 1783-ல் அவர் தொடங்கிய தொழில்தான் இன்றைக்கும் ‘ஷ்வெப்ஸ்’ என்ற பெயரில் கடைகளில் நிற்கிறது. ‘சோடா’ என்ற பெயர் எப்படி வந்தது? அந்தக் காலத்தில் மருந்துக் குணத்துக்காகத் தண்ணீரில் சோடா உப்பும் சேர்த்தார்கள். நாம் சமையலறையில் வைத்திருக்கும் ஆப்ப சோடாவின் சொந்தக்காரர்கள்தான் இவை. பிறகு உப்பு போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாயுவே பூட்டு!

சோடா தயாரிப்பதைவிடப் பெரிய தலைவலி, அதை அடைத்து வைப்பது. கார்க் வைத்து அடைத்தார்கள். பாட்டில் நின்றுகொண்டே இருந்தால் கார்க் காய்ந்து சுருங்கும்; வாயு தப்பித்துவிடும். கார்க் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும் என்பதற்காக, நிற்கவே முடியாதபடி முட்டை வடிவத்தில்கூட பாட்டில் செய்து பார்த்தார்கள். படுக்கத்தான் வைக்க முடியும்!

இங்கிலாந்தின் பொறியாளர் ஹைரம் காட் இதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். 1872-ல் அவர் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடா பாட்டில். கழுத்தின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம். உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது கோலி கழுத்துக்கு வந்து சேரும். உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் வாயு அதை ரப்பர் வளையத்தின்மீது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்... அடைத்தாயிற்று. மூடி இல்லை, கார்க் இல்லை. எந்த வாயு தப்பித்து ஓடப் பார்க்கிறதோ, அதையே காவலுக்கு நிறுத்திய யோசனை இது. உள்ளே அழுத்தம் எவ்வளவு அதிகமோ, பூட்டும் அவ்வளவு இறுக்கம்.

கழுத்துக்குக் கீழே பாட்டில் இடுங்கியிருப்பதையும், ஒரு பக்கம் இரண்டு குழிகள் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். இடுக்கு, கோலி அடிவரை விழாமல் தடுப்பதற்கு. குழிகள், குடிக்கும்போது கோலி உருண்டுவந்து வாயை அடைக்காமல் பிடித்துக்கொள்வதற்கு. குழி இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்துச் சாய்த்தால் சோடா தடையின்றி வரும். அது தெரியாமல் பாட்டிலோடு மல்லுக்கட்டுபவர்களை எந்தச் சோடாக் கடையிலும் பார்க்கலாம்.

சின்ன சோடா கம்பெனிகளில் பாட்டில்களைக் கூண்டுபோன்ற சட்டத்தில் மாட்டி, சிலிண்டரிலிருந்து வாயுவைச் செலுத்தி, கைப்பிடியால் சுழற்றுவார்கள். தண்ணீரும் வாயுவும் குலுங்கிக் கலக்கும். கவிழும்போது கோலி போய் உட்காரும். மின்சாரம்கூட இல்லாமல் இதைச் செய்துவிட முடியும். மூடி வாங்கும் செலவு கிடையாது. பாட்டிலைக் கழுவிக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் 1892-ல் காப்புரிமை பெற்ற தகர மூடி வந்தபிறகு, பிறந்த ஊரில் கோலி பாட்டில் மெல்ல மெல்லக் காணாமல்போனது. இந்தியாவிலும் ஜப்பானிலும்தான் அது தாக்குப்பிடித்தது. ஜப்பானில் அதற்கு ‘ராமுனே’ என்று பெயர். லெமனேட் என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது.

நம்மிடம் அது மொழிக்குள்ளேயே புகுந்துவிட்டது. தடித்த கண்ணாடி போட்டவரை ‘சோடாபுட்டி’ என்று கிண்டல் செய்தோம். மேடையில் பேச்சாளர் உச்சஸ்தாயிக்குப் போனால் ‘அண்ணனுக்கு ஒரு சோடா’ என்றோம். திருத்தணியைத் தமிழகத்தோடு சேர்க்க ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் வெற்றி பெற்று, 1960 ஏப்ரல் 1-ம் தேதி இந்த ஊர் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மேடைப் பேச்சு உச்சத்தில் இருந்த காலம் அது. எத்தனை மேடைகளில் எத்தனை சோடா உடைந்திருக்கும் என்று யார் கணக்கு வைத்தார்கள்? கலவரம் என்றால் முதலில் பறந்ததும் சோடா பாட்டில்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நாக்கில் வெடிப்பது குமிழி அல்ல

‘சுர்’ருக்குக் காரணம் குமிழிகள் நாக்கில் வெடிப்பதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் அல்லவா? அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் 2013-ல் ஒரு சோதனை செய்தார்கள். காற்றழுத்தம் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு இருக்கும் அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, சோடா நீரைச் சுவைக்கச் சொன்னார்கள். அந்த அழுத்தத்தில் குமிழி உண்டாகாது. ஆனாலும், நாக்கில் சுருக்கென்று கடிப்பது குறையவில்லை!

அப்படியென்றால் கடிப்பது எது? அமிலம். தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்ஸைடில் மிகச் சிறு பங்கு கார்பானிக் அமிலமாக மாறுகிறது. நாக்கில் இருக்கும் ஒரு நொதி இந்த மாற்றத்தை விரைவுபடுத்துகிறது. புளிப்பை உணரும் செல்களின்மேல்தான் அந்த நொதி இருக்கிறது என்று 2009-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். அதோடு, கடுகும் வாசபியும் மூக்கில் ஏறும்போது எரிச்சலைச் சொல்லும் அதே வலி நரம்புகளும் தூண்டப்படுகின்றன. ஆக, நாம் காசு கொடுத்து வாங்கி ரசிப்பது மிக மெல்லிய ஒரு வலியை! மிளகாயை விரும்பிக் கடிக்கிற நமக்கு இது ஒன்றும் புதிதில்லை.

மலையேறுபவர்களுக்கு உயரத்தால் வரும் உபாதைக்காக அசிட்டசோலமைடு என்ற மாத்திரை கொடுப்பார்கள். அது இந்த நொதியைத் தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டவர்களுக்கு, நுரை பொங்கும் பானமும் சப்பென்று இருக்குமாம். இமயமலை ஏறுபவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் இது. தணிகை மலைக்குத் தேவைப்படாது.

வெயிலும் அழுத்தமும்

அழுத்தம் கூடினால் தண்ணீரில் வாயு அதிகமாகக் கரையும். 1803-ல் இந்த விதியைச் சொன்ன வில்லியம் ஹென்றியின் தந்தை, மான்செஸ்டரில் மருந்துக்கடையோடு செயற்கைக் கனிமநீரும் தயாரித்து விற்றவர். சோடாக்காரர் வீட்டுப் பிள்ளை சோடாவுக்கு விதி எழுதியது பொருத்தம்தானே! பாட்டிலைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு, ‘இனி இங்கே இடமில்லை’ என்று வெளியேறுகிறது. அதுதான் நுரை.

வெப்பமும் வாயுவை விரட்டும். சாதாரண காற்றழுத்தத்தில் ஐஸ் குளிர்ச்சியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 3.3 கிராம் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடித்துவைக்கும். 40 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு கிராம்தான். சில்லென்ற சோடாவுக்கு ‘சுர்’ அதிகம் இருப்பதும், வெயிலில் கிடந்ததைத் திறந்தால் முகத்தில் சீறிவிட்டு உள்ளே சப்பென்று ஆகிவிடுவதும் இதனால்தான். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளுக்காகச் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடமே கட்டினார்கள். இன்றைய விவேகானந்தர் இல்லமான அந்த ‘ஐஸ் ஹவுஸ்’ இருந்த காலத்தில் சோடாவும் ஐஸும் சீமான்களுக்கு மட்டும். இப்போது தள்ளுவண்டியிலேயே இரண்டும் இருக்கின்றன.

வேடிக்கை இங்கே முடிந்து, எச்சரிக்கை தொடங்குகிறது. நன்றாக வாயு ஏற்றிய பாட்டில் 40 டிகிரி வெயிலில் கிடந்தால், உள்ளே இருக்கும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். விரிசல் விட்ட, தேய்ந்த கண்ணாடி அதைத் தாங்காது. கம்பெனிகளில் இயந்திரத்தைச் சுற்றிக் கம்பிவலை வைப்பது இதற்காகத்தான். கோயிலுக்குப் போகும் அவசரத்தில் கண்ணாடி பாட்டிலைக் காருக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃப்ரீசரில் வைத்து மறப்பதும் ஆபத்து. தண்ணீர் உறையும்போது விரிகிறது. கரைந்திருந்த வாயுவையும் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் பாட்டில் வெடிக்கும்.

குலுங்கிய கேனைத் திறக்கும்முன் விரலால் தட்டினால் பொங்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. டென்மார்க்கில் சுமார் 1,000 பீர் கேன்களைக் குலுக்கியும் குலுக்காமலும், தட்டியும் தட்டாமலும் திறந்து பார்த்தார்கள். தட்டுவதால் ஒரு பலனும் இல்லை. சற்று நேரம் சும்மா வைப்பதே மருந்து. உப்புப் போட்டதும் நுரை பொங்குவது ஏன்? உப்புக்கல்லின் சொரசொரப்பான பரப்பு, குமிழிகள் உருவாக ஆயிரக்கணக்கான இடங்களைத் தருகிறது. டம்ளரில் முதலில் உப்பையும் எலுமிச்சையையும் போட்டுவிட்டு, பிறகு சோடாவைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் வழிந்து வீணாவது குறையும்.

அந்த ஏப்பம்... நம்பாதீர்கள்!

300 மில்லி கூல்டிரிங்க்ஸ் ஒன்றில் அடைபட்டிருக்கும் வாயுவை வெளியே எடுத்துப் பரப்பினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். அதில் ஒரு பகுதி டம்ளரிலேயே போய்விடும். மிச்சம் வயிற்றுக்குள் போகிறது. உடல் சூட்டில் விரிகிறது. வந்த வழியே திரும்புகிறது. ‘அப்பாடா, கேஸ் வெளியே போச்சு’ என்று நிம்மதியடைகிறோமே... போனதில் பெரும்பகுதி, நாம் இப்போது குடித்த அதே சோடாவின் வாயுதான்!

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமாக இருந்தால் எழுதவே வேண்டாம். ‘நெஞ்சை அடைக்கிறது, வாயுப்பிடிப்பாக இருக்கும், ஒரு சோடா குடித்தால் சரியாகிவிடும்’ என்று நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? மாரடைப்பு தொடங்கும்போது பலருக்கும் அது வாயுத்தொல்லைபோலத்தான் தோன்றும். சோடா குடித்ததும் ஏப்பம் வரும். ஏப்பம் வந்ததும் நிம்மதி வந்ததுபோல இருக்கும். அந்தப் பொய் நிம்மதியில் பொன்னான நேரம் போய்விடும். இதயத் தசைக்கு ரத்தம் நின்றுபோன ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான்.

படியேறும்போதோ, ஏறி முடித்ததுமோ நெஞ்சில் பாரம், இடது தோள், கை, தாடை, முதுகுப் பக்கம் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல்... இவற்றில் எது இருந்தாலும் சோடாக் கடையைத் தேடாதீர்கள். உட்காரவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் வலியே இல்லாமல், சோர்வும் குமட்டலுமாகவே மாரடைப்பு வரக்கூடும். வாயுவா, இதயமா என்று முடிவு செய்ய வேண்டியது ஈ.சி.ஜி. பார்க்கும் மருத்துவர். ஏப்பம் அல்ல.

மற்றபடி வெறும் சோடா அவ்வளவு கெட்ட பானம் இல்லை. அதில் சர்க்கரை இல்லை. எலும்பைக் கரைத்துவிடும் என்ற பயத்துக்கும் வெறும் சோடா விஷயத்தில் ஆதாரம் இல்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், கோலா அதிகம் குடித்த பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருந்தது. மற்ற கேஸ் பானங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கவனிக்க வேண்டியது இனிப்புச் சோடாவும் கூல்டிரிங்க்ஸும். 300 மில்லி பாட்டிலில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சர்வசாதாரணம். அதாவது, ஏழெட்டு டீஸ்பூன். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாட்டிலிலேயே குழந்தையின் கணக்கு தாண்டிவிடுகிறது.

இன்னொன்று. வாயு ஏற்றுவதால் அழுக்குத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. வியர்த்துக் கொட்டி இறங்கியவர்களுக்கு முதலில் தேவை நல்ல குடிநீர். சோடா அதற்குப் பிறகு.

பன்னீர் சோடாவும் கோலாவும் ஒரே தட்டில்

1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் முதல், ஊருக்கு ஊர் பெயர் தெரியாத சின்ன சோடா கம்பெனிகள்வரை தமிழ்நாட்டில் இது பெரிய தொழில். 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனபோது உள்ளூர்க்காரர்களுக்கு மூச்சு வந்தது. 1993-ல் அது திரும்பி வந்தபோது, ஏராளமான சின்ன கம்பெனிகளுக்கு மூச்சு திணறியது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, 2017 மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது, மறுபடியும் ‘நம்ம ஊரு சோடா’வைத் தேடினார்கள். 2025-ல் மத்திய அரசின் அபெடா அமைப்பே, கோலி சோடாவை அமெரிக்கா, பிரிட்டன், வளைகுடா நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதைப் பெருமையோடு அறிவித்தது.

ஒரு பக்கம் இந்தப் பெருமை. இன்னொரு பக்கம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரையோ மணமோ சேர்க்காத வெறும் சோடாவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. நல்ல விஷயம். ஆனால், இனிப்பும் மணமும் சேர்த்த கேஸ் பானத்துக்கு 40 சதவிகிதம். பல நூறு கோடி விளம்பரம் செய்யும் கோலாவுக்கும், தெருமுனை கம்பெனியின் பன்னீர் சோடாவுக்கும் சட்டத்தின் கண்ணில் வித்தியாசம் இல்லை. (பன்னீர் என்றதும் பட்டர் மசாலாவை நினைக்கும் வாண்டுகளுக்கு: இது ரோஜாப் பன்னீர்!) சின்ன உற்பத்தியாளர்களுக்காக இருக்கும் எளிய தொகுப்பு வரித் திட்டத்திலும் கேஸ் பானம் தயாரிப்பவர்களுக்கு 2019-லிருந்து இடமில்லை. சர்க்கரைக்கு வரி போடுவதில் நியாயம் உண்டு. ஆனால், எவ்வளவு சர்க்கரை என்று பார்த்துப் போட்டால்தானே அது உடல்நலத்துக்கான வரி? கொஞ்சம் சேர்த்தாலும், நிறைய சேர்த்தாலும் ஒரே 40 சதவிகிதம் என்றால், சர்க்கரையைக் குறைக்க யாருக்கு ஆர்வம் வரும்?

கோலி சோடா பிரியர்கள் கடையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. கோலிக்கு மேலே இருக்கும் கழுத்துப் பகுதி திறந்தே கிடப்பது. ஊர்த் தூசி அங்கேதான் தங்கும். சோடா வெளியே வரும்போது அதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. எனவே, மேல்மூடி போட்ட பாட்டிலாக வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, விரலுக்குப் பதில் திறப்பானால் திறந்து தரச் சொல்லுங்கள். லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணும், தயாரித்த தேதியும் இருக்கின்றனவா பாருங்கள். தொழிற்சாலை வெல்டிங்குக்கு வரும் வாயு வேறு, உணவுத் தரத்தில் வரும் வாயு வேறு. அந்த உரிம எண் தேவைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

திறக்கும்போது ‘டுஸ்’ என்ற சத்தம் வரவே இல்லையா? கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்துபோயிருக்கலாம். வாயு கசிந்த வழியில் வேறு எதுவும் உள்ளே போயிருக்கலாம். அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு பாட்டில் கேளுங்கள்.